இணைச்சீருக்கு ஏழு நாள் விடுப்பு

போர்ட்டோ
9 ஜூன் 2024, ஞாயிறு

ஜீவா,

நேற்று பேச்சின் பாதியில் போனை வைத்துவிட்டாய். அதன் பிறகு நான்கு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஐந்தாவது முறைதான் என் எண்ணையே நீ முடக்கிவிட்டது தெரிந்தது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். இதையும் முடக்குவதானால் படித்துவிட்டு முடக்கு.

உன் கல்யாணத்துக்கு வர எனக்கு மனசில்லை என்றாய். எதுவுமே தெரியாதவன் மாதிரி நீ பேசியதால், தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் வந்த விசா போன மாதம் முடிந்துவிட்டது. குடியிருப்பு அட்டைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். அட்டை கைக்கு வராமல் இந்த நாட்டை விட்டு வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். எப்போது வரும் என்று கேட்டால் வரும்போது வரும் என்கிறார்கள். இந்த ஊர் பாஷையில் நான் முழுதாகப் புரிந்துகொண்ட முதல் வாக்கியம் அதுதான்.

அடுத்து என் வேலை. கோயமுத்தூர்க் கம்பெனியைப் பொறுத்தவரை நான் போர்ச்சுகலிலேயே இல்லை. புதுச்சத்திரத்தில், கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில், நம் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களுக்குக் குறியீடு போட்டுக்கொண்டிருக்கிறேன். நோயாளிகளின் விவரம் இந்தியாவைத் தாண்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் கம்பெனி லேப்டாப் உன் மாடியில் ஓடுகிறது, நான் இங்கிருந்து அதற்குள் நுழைந்து வேலை செய்கிறேன். தினமும் காலை ஒன்பதரைக்கு அங்கே இருக்கும் போனுக்கு ஆறு எண் வரும். அம்மாவோ நீயோ படித்துச் சொன்னால்தான் என் கதவு திறக்கும். இங்கே அப்போது விடியற்காலை ஐந்து மணி.

மீட்டிங்கில் என் பின்னால் தெரிகிற சுவருக்கு மாடி அறையின் இளம்பச்சையையே அடித்திருக்கிறேன். நீ அனுப்பிய நாமக்கல் நாள்காட்டியை அதில் மாட்டி, தினமும் தாள் கிழிக்கிறேன். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிற வேலையை எப்படி விடச் சொல்கிறாய்?

கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வை. அதற்குள் அட்டை வந்துவிடும். உனக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். இணைச்சீரில் உன் பக்கத்தில் நான்தான் நிற்க வேண்டும். அதைக்கூடவா நான் கேட்டு வாங்க வேண்டும்?

ரஞ்சனி


புதுச்சத்திரம்
14 ஜூன் 2024

அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அம்மா பிரஷர் மாத்திரையைத் தேடுவார். மெயிலே நல்லது.

தள்ளி வைக்க முடியாது. மண்டபம் பேசியாயிற்று. செப்டம்பர் பதினைந்து, ஞாயிறு முகூர்த்தம். சனிக்கிழமை மாலை இணைச்சீர். சௌந்தர்யாவின் அப்பா திருச்செங்கோட்டில் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டார். அவரிடம் போய், எங்கள் அக்காவுக்கு ஒரு அட்டை வரவேண்டும், அது வரும்போது வரும் என்று நான் எப்படிச் சொல்வேன்?

லேப்டாப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதினான்கு மாதமாக அதை வளர்க்கிறவன் நான். கரண்ட் போனால் முதலில் கோழி ஷெட்டுக்கு ஓட வேண்டியவன், மாடிக்கு ஓடி இன்வெர்ட்டரைப் பார்க்கிறேன். வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. நண்பர்கள் ஏற்காட்டுக்குக் கூப்பிட்டபோது, ஒன்பதரைக்கு எண் வரும் என்று அம்மாவுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்கவே ஒரு வாரம் ஆனது, பயணமும் போயிற்று. இப்போது அம்மா நன்றாகப் படிக்கிறார். எட்டரை மணிக்கே குளித்துவிட்டு அந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

பெண் பார்க்கப் போன அன்று அம்மாவும் கூட வந்ததால் போனையும் கொண்டு போக வேண்டியிருந்தது. சரியாகக் காப்பி தட்டோடு சௌந்தர்யா வந்து நிற்கிறாள், எண் வருகிறது. நான் எழுந்து ஜன்னல் ஓரம் போய் உன்னைக் கூப்பிட்டு ஆறு எண்ணையும் படித்தேன். அவள் அப்பா பதறிப்போய், "ஏனுங்க மாப்பிள்ள, அந்த நம்பரெல்லாம் யாருக்கும் சொல்லப்படாதுங்க, ஏமாத்திப்போடுவாங்க" என்றார். "எங்க அக்காவுக்குங்க" என்றேன். "அக்கான்னு சொல்லித்தான் கேப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நிமிஷம் உன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

நீ வர முடியாது என்றால் சித்தப்பா மகள் பிரீத்தியை நிற்கச் சொல்லலாம் என்று அம்மா சொல்கிறார். அவளும் அக்கா முறைதான்.

ஜீவானந்தம்


போர்ட்டோ
23 ஜூன் 2024

ஜீவா,

பிரீத்தியா? ராசிபுரத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை வந்து முட்டை வாங்கிக்கொண்டு போகிறவள். நீ எந்தக் கையால் எழுதுவாய் என்றாவது அவளுக்குத் தெரியுமா?

இணைச்சீர் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு மாப்பிள்ளை கையில், மறு தலைப்பு கூடப் பிறந்தவள் கையில். அவள் மூடி போட்ட மூங்கில் கூடையான பேழைமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தம்பிக்குச் சரியாக நிற்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பெண் மணவறைக்கு வருவாள். வருகிறவளிடம், இந்த வீட்டில் உனக்கு முன்னால் நான் இருக்கிறேன், எப்போதும் இருப்பேன் என்று கூடப் பிறந்தவள் சொல்லிக் கொடுக்கிற இடம் அது. அன்று யார் நிற்கிறாளோ அவளைத்தான் பிறகு உன் வீட்டு ஒவ்வொரு நல்லதுக்கும் முதலில் கூப்பிடுவார்கள். அதை நீ சில்லறை மாதிரி அடுத்த கைக்கு மாற்றுகிறாய்.

நான் இங்கே என்ன சொகுசில் இருக்கிறேன் என்று நினைக்கிறாய்? உன் மச்சான் காலையில் ஒரு கிடங்கிலும் மாலையில் ஒரு ஓட்டல் சமையலறையிலும் நிற்கிறார். நான் ஒரு பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலைத் திறக்க முடியாது. திறந்தால் கடற்பறவைகள் கத்துகின்றன. ஒருநாள் மீட்டிங்கில் எங்கள் மேலாளர் அனிதா மேடம், "என்ன சத்தம் ரஞ்சனி?" என்று கேட்டார். கோழிப்பண்ணை என்றேன். ஒருநாள் சர்ச் மணி அடித்தது, பெருமாள் கோயில் என்றேன். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஊர் நேரத்துக்கு வேலை, ஊர் சத்தத்துக்குப் பொய், சாயங்காலம் நான் வெளியே வரும்போது யாரிடம் பேசவும் எனக்கு வாய் வராது. நான் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. இரண்டு இடத்திலும் என் பெயரை வைத்துக்கொண்டு யாரோ இருக்கிறாள்.

ஒரு வழி சொல்கிறேன். மேடையில் வீடியோ காலில் என்னை வை. சேலைத் தலைப்பை அம்மா பிடித்துக்கொள்ளட்டும், நிற்பது நானாக இருக்கட்டும்.

ரஞ்சனி


புதுச்சத்திரம்
6 ஜூலை 2024

அக்காவுக்கு,

வீடியோ யோசனையை அருமைக்காரரிடம் கேட்டேன். சீர் செய்து வைக்கிறவர் அவர்தானே. "செல்போனு பேழைமூடிய இடுக்குமாங்க தம்பி?" என்று கேட்டார். தாலி அறுத்தவர் இணைச்சீர் சேலையைத் தொடக்கூடாது என்பதையும் அவர் நினைவுபடுத்தினார். அம்மாவைப் பிடிக்கச் சொன்னாயே, அப்பா போய் மூன்று வருஷம் ஆனது உனக்கு மறந்துவிட்டதா? அம்மா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து உள்ளே போனார்.

நானும் அம்மாவும் ராசிபுரம் போய் மயில்சாமி சித்தப்பாவிடம் வெற்றிலை பாக்கு வைத்து, பிரீத்தியை இணைச்சீருக்குக் கூப்பிட்டுவிட்டோம். சித்தப்பா கண் கலங்கினார். பிரீத்தி, "ரஞ்சனியக்கா வருத்தப்படாதா?" என்றுதான் முதலில் கேட்டாள். நான் எந்தக் கையால் எழுதுவேன் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைக் கேட்கத் தெரிந்திருக்கிறது.

நீ படுகிற பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்தேன். நான் உன்னை அங்கே போகச் சொல்லவில்லை.

ஜீவானந்தம்


போர்ட்டோ
11 ஆகஸ்ட் 2024

ஜீவா,

அட்டை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தபால்காரன் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், இரண்டு பேருக்கும். உன் மச்சானுக்கு விடுப்பு கிடைக்காது, நான் மட்டும் வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. செப்டம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை காலை கோயமுத்தூரில் இறங்குவேன்.

அம்மா விஷயத்தில் எழுதியது என் தப்பு. யோசிக்காமல் எழுதிவிட்டேன். நேரில் வந்து காலில் விழுகிறேன் என்று சொல்.

பிரீத்தியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நல்ல பெண், புரிந்துகொள்வாள். அவளுக்கு ஒரு சேலை நான் எடுத்துத் தருகிறேன்.

கம்பெனியில் பதினொன்றிலிருந்து பதினேழு வரை ஏழு நாள் விடுப்பு கேட்டேன். காரணத்துக்குச் சான்று வேண்டும் என்றார்கள், உன் கல்யாணப் பத்திரிகையைப் படம் எடுத்து அனுப்பினேன். அனிதா மேடம் பார்த்துவிட்டு, மண்டபம் நாமக்கல்தானே, வேன் பிடித்து எல்லோரும் வந்துவிடுகிறோம் என்றார். வரட்டும். நானே வாசலில் நின்று சந்தனம் கொடுக்கிறேன். பதினாறு மாதத்தில் முதல்முறையாக, நான் இருப்பதாகச் சொல்கிற இடத்தில் நான் இருப்பேன்.

உன் கழுத்துக்கு எந்த நிற டை பொருந்தும் என்று நேற்று முழுக்க ஒரு துணிக்கடையில் நின்றேன். கடைக்காரியிடம் தம்பிக்குக் கல்யாணம் என்று அவள் பாஷையிலேயே சொன்னேன். அவளுக்குப் புரிந்தது.

அக்கா


புதுச்சத்திரம்
18 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

அட்டை வந்தது நல்லது. நீ வருவதும் நல்லது. அம்மாவுக்கு இரண்டு நாளாகக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் இணைச்சீருக்கு பிரீத்திதான் நிற்பாள். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்வது நம்மில் எங்கே உண்டு? அப்பா இறந்த வருஷம், கோழிக்கு நோய் வந்து ஷெட்டே காலியாகி நின்றபோது, நீ டிக்கெட் கிடைக்கவில்லை என்று மச்சானோடு பெங்களூரிலேயே இருந்தாய். சித்தப்பாதான் தினமும் ராசிபுரத்திலிருந்து பைக்கில் வந்து என்கூட உட்கார்ந்திருந்தார். அவர் மகளிடம் போய், எங்கள் அக்காவுக்கு அட்டை வந்துவிட்டது, நீ இறங்கிக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். உனக்கு ஒரு சேலையில் முடிகிற காரியமாகத் தெரிகிறது.

நீ வந்து முன்வரிசையில் உட்கார். உன்னை யாரும் குறைவாக நடத்த மாட்டார்கள்.

இன்னொன்று. மாடி அறை எங்களுக்கு வேண்டும். வீட்டில் வேறு அறை இல்லை என்பது உனக்கே தெரியும். புதுப்பெண்ணோடு ஒரு லேப்டாப்பும் அந்த அறையில் இராப்பகலாக விழித்துக்கொண்டிருக்க முடியாது. வரும்போது அதற்கு ஒரு வழி பண்ணு.

ஜீவானந்தம்


போர்ட்டோ
25 ஆகஸ்ட் 2024

திரு. ஜீவானந்தம் அவர்களுக்கு,

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். என் தம்பி கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, இன்னொருத்தி என் இடத்தில் நிற்பதைப் பார்த்துக் கைதட்ட எனக்குத் தெரியாது. முன்வரிசை பெண் வீட்டுக்காரர்களுக்கு வைத்துக்கொள்.

கம்பெனியில் எடுத்த விடுப்பை ரத்து செய்யவில்லை. செய்தால், தம்பி கல்யாணத்துக்கு ஏன் விடுப்பு வேண்டாம் என்று கேட்பார்கள். அதற்கும் ஒரு பொய் தேட வேண்டும், என்னிடம் தீர்ந்துவிட்டது. வேன் பிடிப்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது. எங்கள் ஆபீசில் யார் கல்யாணத்துக்கும் ஒருவர் கையில் கவரைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அவரும் போகமாட்டார்.

ஆக, அந்த ஏழு நாளும் எண் வராது. நீ நிம்மதியாக மாலை போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு லேப்டாப்பை எடுத்துக் கீழே கோழித் தீவன அறையில் வை, போதும். நானும் அங்கே இருந்துகொள்கிறேன்.

ரஞ்சனி


போர்ட்டோ
18 செப்டம்பர் 2024

ஜீவா,

இன்று காலை ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். அம்மா, "இன்னும் நம்பர் வரலையே சாமி" என்றார். வரவே இல்லை. ஆறு மணிக்கு என் சொந்த மெயிலுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. என்னை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். நோயாளிகள் விவரத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். விளக்கம் என்ன இருக்கிறது, எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எண் வருவது, நீங்கள் படிப்பது, நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பது வரை.

அனிதா மேடம் தனியாக ஒரு படம் மட்டும் அனுப்பியிருக்கிறார். மேடையில் நீ, பக்கத்தில் பேழைமூடியோடு பிரீத்தி. கீழே ஒரே வரி: "உங்களைத் தேடினோம் ரஞ்சனி." எட்டு வருஷம் அவரோடு வேலை செய்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் தப்பு செய்தேன், இல்லை என்று சொல்லவில்லை. உன் மச்சானுக்குக் கிடங்கில் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இந்த வீட்டை எத்தனை நாள் வைத்திருப்போம் என்று தெரியாது. அதெல்லாம் என் பாடு. உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். யார் சொன்னது?

ரஞ்சனி


புதுச்சத்திரம்
22 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

சொன்னது அம்மா. அவரை ஒன்றும் சொல்லாதே. முழுதாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மண்டப வாசலில் வேன் வந்து நின்றது. பதினோரு பேர். பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மாவுக்கு அவர்கள் யாரென்று தெரியாது, பெண் வீட்டு ஆட்கள் என்று நினைத்து உட்கார வைத்திருக்கிறார். ஒரு அம்மாள், "ரஞ்சனி எங்கேம்மா, கண்ணிலேயே படலையே?" என்று கேட்டிருக்கிறார். நம் அம்மாவுக்கு உன் பெயரைச் சொல்லிவிட்டால் போதுமே. "அவ எங்கீங்க வாரா, போர்ச்சுகல்ல இருக்கறா. போயி ஒன்றரை வருசமாச்சுங்க. ஆனா வேலை இங்கத்த வேலைதானுங்க, கோயமுத்தூர்ல பெரிய கம்பெனி. கம்ப்யூட்டரு எங்கூட்டு மாடியில ஓடுது, நாந்தான் தெனமும் நம்பர் படிச்சுச் சொல்லுவேன். நாஞ் சொல்லலீன்னா எம்மக வேலைக்கே போக முடியாதுங்க" என்று சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் அம்மா இவ்வளவு பெருமையாக யாரிடமும் பேசியிருக்க மாட்டார்.

நான் மேடையில் நின்றிருந்தேன். அம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும், அந்த அம்மாளின் முகம் மாறுவதும் தெரிந்தது. என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு என் கையில் இருந்தது. போட்டுவிட்டு இறங்கி ஓடியிருக்கலாம். இறங்கவில்லை.

எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அனிதா மேடம் மட்டும் கை கழுவப் போனவர் அப்படியே வேனில் ஏறிவிட்டார். திங்கட்கிழமை ஒருவன் வந்து லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு போனான். நான் பண்ணையில் இருந்தேன், சௌந்தர்யாதான் அவன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். வந்த பெண் இந்த வீட்டில் போட்ட முதல் கையெழுத்து அது. உன்னிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவர்கள் வருவது எனக்கு முன்பே தெரியும். பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, பத்திரிகையில் போட்டிருந்த என் எண்ணுக்கு அனிதா மேடம் கூப்பிட்டார். மண்டபத்துக்கு வழி கேட்டார். "ரஞ்சனிகிட்ட சொல்லிடாதீங்க தம்பி, திடீர்னு வந்து நிக்கணும்" என்றார். வாங்க, நாமக்கல் தாண்டி இடதுபக்கம் திரும்புங்க என்று நான்தான் வழி சொன்னேன். மூன்று முழு நாள் இருந்தது. உனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த விமானத்தைப் பிடித்து வந்திருப்பாய். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுதவில்லை. வேலைக்காக நீ வருவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பயம் இல்லாமலே, எனக்காக வருகிறாயா என்று பார்த்தேன். ரத்து செய்தேன் என்று எழுதியதை நான் நம்பவில்லை. கோபத்தில் எழுதியிருக்கிறாய், வந்துவிடுவாய் என்றுதான் கடைசிவரை நினைத்தேன்.

சீர் தொடங்கும் நேரத்தில் பிரீத்தி பேழைமூடியை எடுக்க வந்தாள். கொஞ்சம் இரு என்று நிறுத்தி வைத்தேன். சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது. அருமைக்காரர், "நேரம் போவுதுங்க தம்பி, யாரப் பாக்கறீங்க?" என்று கேட்டார். வாசலைத்தான் பார்த்தேன். கால் மணி நேரம் அந்தப் பக்கத்துத் தலைப்பை யாரும் பிடிக்கவில்லை. அப்போதுதான் வேன் வந்தது. கதவு திறக்கும்போது நீதான் என்று நினைத்தேன்.

அதன் பிறகு பிரீத்தியைக் கூப்பிட்டுவிட்டேன்.

அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. அவர் சொன்னதால்தான் உன் வேலை போனது என்று தெரிந்தால் தாங்க மாட்டார். ஏதோ மிஷின் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் இப்போதும் எட்டரைக்குக் குளித்துவிட்டு அந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறார்.

ஜீவா


போர்ட்டோ
6 அக்டோபர் 2024

ஜீவா,

உன் மெயிலைப் பத்துத் தடவை படித்தேன். இரண்டு வாரம் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தினால் இல்லை. முதலில் கோபம்தான் இருந்தது. அதற்குப் பிறகு இருப்பதற்கு எனக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

நீ ஒரு வரி எழுதியிருந்தால் வேலைக்காக வந்திருப்பேன் என்கிறாய். ஆமாம், வந்திருப்பேன். வேலை போய்விடும் என்று அலறி அடித்துக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டேதான் வந்திருப்பேன். ஆனால் வந்திருப்பேன் ஜீவா. அந்தக் கால் மணி நேரத்தில் உன் பக்கத்தில் யாரும் இல்லாமல் போயிருக்காது. எதற்காக வந்தாள் என்று அந்தச் சேலை கேட்டிருக்கப் போகிறதா? நீ கேட்டிருப்பாய். அதுதான் நமக்குள் இருக்கிற கேடு. நீ வாசலைப் பார்த்தாய், கூப்பிடவில்லை. நான் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, நீ மறுபடி ஒரு தடவை வா என்று எழுதுவாய் என்று பதினான்காம் தேதி காலை வரைக்கும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். அன்று விமானம் பிடித்தாலும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. தெரிந்தும் பார்த்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இப்போது என்னால் ஆகாது. நீயும் அப்படி எழுதாதே.

இனி உன் வீட்டில் குழந்தை பிறந்தால், காது குத்துக்கு முதல் வெற்றிலையைப் பிரீத்திக்கு வை. நின்றவள் அவள், முறையும் அவளுடையது. என் பங்குக்கு அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருந்தேன், அனுப்புகிறேன். சித்தப்பாவிடம் நீ மன்னிப்புக் கேள். கால் மணி நேரம் அவர் மகளை மேடை ஓரத்தில் நிற்க வைத்திருக்கிறாய்.

இங்கே ஒரு பேக்கரியில் பாத்திரம் கழுவுகிற வேலை கிடைத்திருக்கிறது. பொய் சொல்லாமல் போய் வருகிற வேலை. பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு தையல்காரி என்று தெரிந்துகொண்டேன். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், பறவைகள் பாட்டுக்குக் கத்துகின்றன, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நாள்காட்டி செப்டம்பர் பதினான்கில் நிற்கிறது. கிழிக்கவில்லை.

பதினேழு மாதத்தில் தினமும் அம்மாவிடம் பேசினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டிப் பார்த்தால் ஆறு எண்தான் பேசியிருக்கிறோம். சாப்பிட்டாயா என்று அவர் கேட்பதற்குள் நான் வைத்துவிடுவேன், எண் காலாவதியாகிவிடும் என்று. அவருக்கு அந்தப் போன்தான் நான்.

வேலை போனது தன்னால்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். அந்தப் பொய்யை மட்டும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றுவோம். நாளைக்கு ஒன்பதரை மணிக்கு நீ பண்ணைக்குப் போகாமல் அம்மா பக்கத்தில் உட்கார். அந்தப் போனை மெதுவாகக் கையிலிருந்து வாங்கி அணைத்து வை. இனிமேல் எண் வராது என்று சொல்.

அக்கா